கார்த்திகேசன் பெயரில் கொளஞ்சி பிடித்த பந்துகள்

கெடிலம் கால்பந்துக் கழகத்தின் வெள்ளிவிழா மலர் என் மேசைமேல் கிடக்கிறது. வழவழப்பான தாள், நாலு கலர் அட்டை, அட்டையில் தலைவர் கைகூப்பி நிற்கிற படம். பதினான்காம் பக்கத்தைத் திறந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ‘நம் கோல் காத்த வீரர்கள்’ என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். 2004 வரை தேவசகாயம். 2005 முதல் 2010 வரை கார்த்திகேசன். 2010 முதல் இன்றுவரை அன்பரசு. மூன்று பெயர், மூன்று படம். இதில் நடுவில் இருக்கிற வரி பச்சைப் பொய்.

அந்த நடுப் படத்தில் பொய் இல்லை. ஒருவன் வலது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து, பந்தை விரல் நுனியால் வெளியே தள்ளுகிறான். முகத்தைக் கை மறைத்திருக்கிறது. அந்த வசதியில்தான் கீழே கார்த்திகேசன் என்று அச்சடித்துவிட்டார்கள். கார்த்திகேசன் தன் வாழ்நாளில் அப்படிப் பாய்ந்தது கிடையாது. பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் அவன். படத்தில் பாய்கிறவன் கொளஞ்சி. முழுப்பெயர் கொளஞ்சியப்பன். குறிஞ்சிப்பாடிக்காரன். ஐந்து சீசன், எழுபத்தோரு ஆட்டம், எங்கள் கோலில் நின்றவன் அவன்தான். மலரில் நாற்பத்தெட்டுப் பக்கம். பந்தல் போட்டவர் பெயர் இருக்கிறது, வேன் ஓட்டியவர் பெயர் இருக்கிறது, ஒரே ஒரு நாள் சோடா வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார்கள். கொளஞ்சி பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

நான் ராமாமிர்தம். வீடு கடலூர் செம்மண்டலத்தில். ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பந்து உதைக்கத் தெரியாது, ஆனால் ஆட்டம் என்றால் உயிர். ஒன்பது வருஷம் இந்தக் கிளப்புக்குச் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி ஒன்றுமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகிறவர்கள் பட்டியலை இரண்டு காப்பி எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவு அட்டைகளோடு நடுவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. பட்டியலில் அடித்தல் திருத்தல் இருந்தால் நடுவர் வாங்க மாட்டார். என் பட்டியல் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. ராமாமிர்தம் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று லீக் கமிட்டிக்காரர்களே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2004 வரை எங்கள் கோலில் நின்றவர் தேவசகாயம். நல்ல மனிதர், நாற்பதை நெருங்கியும் எகிறிப் பிடிப்பார். அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. அவர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீடு போய்விட்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சீசனுக்குக் கீப்பர் இல்லை. தலைவர் உடனே ஒரு பெயர் சொன்னார். அவருடைய அக்கா மகன் கார்த்திகேசன்.

கார்த்திகேசன் ஆறடி. சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். பார்க்க ஜம்மென்று இருப்பான், புதுக் கையுறையும் வைத்திருந்தான். கீப்பர் என்று அவனை மட்டும் பதிவு செய்தோம். முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கினான். நாலாவது கோலுக்குப் பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் நடந்துபோனது. ஆட்டம் முடிந்ததும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, “மாமா, வீங்கிடுச்சு, இனிமே நான் வரல” என்று தலைவரிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

கொளஞ்சியைப் பற்றிப் போனில் சொன்னது தேவசகாயம்தான். “குறிஞ்சிப்பாடில வெல்டிங் பட்டறைல இருக்கான். சிதம்பரத்து டீம்ல ரெண்டு வருஷமா ரிசர்வுல ஒக்கார வெச்சிருக்காங்க. போய்க் கூட்டியாங்க” என்றார். போய்க் கூட்டி வந்தோம். இருபத்து மூன்று வயசு. உயரம் ரொம்ப இல்லை. பேச்சும் கிடையாது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் நிற்க வைத்து எங்கள் ஆட்கள் இருபது பந்து அடித்தார்கள். பதினேழைப் பிடித்துவிட்டு, மீதி மூன்றுக்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் அவன் பெயர் சிதம்பரத்துக் கிளப்பில் பதிவாகியிருந்தது. அவர்கள் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் எங்களுக்கு ஆடலாம். நானே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அந்தக் கிளப்பின் செயலாளர் காலை ஆட்டிக்கொண்டே, “எங்க ரிசர்வ் கீப்பர நாங்க எப்படி வுடுறது?” என்றார். இரண்டு வருஷத்தில் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆட்டம் கொடுத்ததில்லை. தானும் வைத்து ஆட மாட்டான், அடுத்தவனிடமும் கொடுக்க மாட்டான். இந்த மாதிரி ஆட்களிடம்தான் ஊரில் எல்லா முத்திரையும் இருக்கிறது.

கடிதம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் பட்டியல் எழுதிவிட்டேன். ஒன்றாம் எண், கோல்கீப்பர், கொளஞ்சியப்பன். மைதானத்து வேப்பமரத்தடியில் தலைவர் அதை வாங்கிப் பார்த்தார்.

“இன்னா ராமாமிர்தம் இது? லெட்டர் வரலியே.”

“ஆமாங்க. வேற கீப்பர் இல்லீங்களே.”

“கார்த்தி கார்டு இருக்குல்ல? அந்தக் கார்டுல இவன் நிக்கட்டும். ஒரே ஒரு மேட்ச்சுதான். அடுத்த வாரம் லெட்டர் வாங்கிடலாம்.”

அடித்துத் திருத்தினால் நடுவர் வாங்க மாட்டார் அல்லவா? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் எல்லாப் பெயரையும் மறுபடி எழுதினேன். ஒன்றாம் எண், கோல்கீப்பர், கார்த்திகேசன். நடுவர் அட்டையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார். “முடி வெட்டிட்டாப்ல போலிருக்கு” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். லீக்கில் அப்போது பாதி டீம் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி ஐந்து நிமிஷத்தில் மட்டும் கொளஞ்சி மூன்று பந்து தடுத்தான். மறுநாள் பேப்பரில் மாவட்டச் செய்தியில் நாலு வரி வந்தது. ‘கோல்கீப்பர் கார்த்திகேசனின் ஆட்டம் அபாரம்.’ அந்த நாலு வரியைக் கொளஞ்சி கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். “பேரு யாரு பேரா இருந்தா இன்னா சார்? புடிச்சது நான்தான?”

ஒரே ஒரு ஆட்டம் என்று சொன்னது ஒரு சீசன் ஆனது. கடிதம் வரவே இல்லை. மறுவருஷம் சிதம்பரத்துக் கிளப்பே அவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இப்போது யாரிடமும் கடிதம் வாங்க வேண்டியதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு தலைவர் கடைக்கு ஓடினேன். அவர் இரும்புக் கடை முதலாளி. கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“யோசிச்சுப் பேசு ராமாமிர்தம். இப்ப இவன் மூஞ்சிய ஒட்டிப் புதுசா கார்டு போட்டா, போன வருஷம் நின்னது யாருன்னு கமிட்டில கேப்பான். போன சீசன் பாயிண்டு அத்தினியும் புடுங்கிடுவான். கிளப்பையே தடை பண்ணுவான். கார்த்தி கார்டையே புதுப்பி.”

புதுப்பித்தேன். ஒரு பொய்யை மறைக்க அந்தப் பொய்யையே வருஷா வருஷம் புதுப்பிக்கிற கூத்து எங்கள் கிளப்பில்தான் நடக்கும்.

இதில் இன்னொரு கஷ்டம் இருந்தது. ஆட்டத்தில் நடுவர் காதில் விழும் என்று யாரும் அவனைக் கொளஞ்சி என்று கூப்பிடக் கூடாது. ஒருநாள் எங்கள் பின்வரிசை ஆள், “கார்த்தி, வுடு வுடு!” என்று கத்துகிறான். கொளஞ்சிக்குத் தன்னைத்தான் சொல்கிறான் என்று உறைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போய் முட்டிக்கொண்டு விழ, பந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்குத் தலைவர் கத்தின கத்தல் மைதானத்துக்கு வெளியே கேட்டது. “பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்பத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டார். அது என் பெயர் இல்லையே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கப்புறம் பயிற்சியிலும் அவனைக் கார்த்தி என்றே கூப்பிட்டுப் பழக்கினார்கள். மாட்டுக்குப் பெயர் மாற்றினாலும் ஒரு வாரம் தவிக்கும். இவன் ஒரு மாசத்தில் பழகிக்கொண்டான்.

2007-இல் அவனுக்குக் கல்யாணம். பெண் தமிழ்ச்செல்வி, என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். எனக்கு மகள் முறை. அன்றிலிருந்து சார் போய், கொளஞ்சிக்கு நான் மாமா ஆனேன்.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் இறுதி ஆட்டம். தமிழ்ச்செல்வி முதல்முறையாகப் புருஷன் ஆடுவதைப் பார்க்க வந்தாள். மேசை போட்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் நாற்காலி போட்டோம். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசிப் பந்தை எதிரணிக் கேப்டன் அடித்தான். கொளஞ்சி வலது பக்கம் பாய்ந்து விரல் நுனியில் தட்டினான். மலரில் இருப்பது அந்தப் படம்தான். சனம் எழுந்து ஆடியது. மைக்கில் ஒருவர் தொண்டை கிழிய, “கார்த்திகேசன்! கார்த்திகேசன்!” என்று கத்தினார்.

தமிழ்ச்செல்வி என் பக்கம் திரும்பினாள். “சித்தப்பா, புடிச்சது அவுருதான? வேற யாரு பேரையோ சொல்றாங்களே?”

“அது வந்து, அவுனுக்குக் கிளப்புல பட்டப்பேரும்மா” என்றேன்.

என் வாயில் அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் நம்பவில்லை. மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிறந்த கோல்கீப்பர் கோப்பையைக் கொளஞ்சி மேடையேறி வாங்கினான். பித்தளைத் தகட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், கார்த்திகேசன் என்று. திரும்பி வரும்போது வேனில் அதை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். புவனகிரி தாண்டியதும் முன் சீட்டிலிருந்து தலைவர் கையை நீட்டினார். “குடுப்பா. பேரு யாருதோ அவன் வூட்ல இருக்கட்டும். உங்க வூட்ல வெச்சா நாலு பேரு பார்த்து ஏதாவது கேப்பான்.” அந்த ஆளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். வேனில் பதினெட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் வாய் திறக்கவில்லை. கொளஞ்சி கோப்பையைக் கொடுத்துவிட்டு, துடைத்த துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

2009-இல் ஒரு ஆட்டத்தில் எதிராளி பூட்ஸ் அவன் வலது கையில் ஏறியது. சுண்டுவிரல் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சிகிச்சைக்கு லீக்கிலிருந்து உதவி வர வேண்டும் என்றால் பதிவு அட்டையில் இருக்கிற பெயரில்தான் சீட்டு இருக்க வேண்டும். அதனால் அங்கேயும் கார்த்திகேசன் என்றே பதிந்தோம். எக்ஸ்ரேயை உறையோடு கொளஞ்சி இத்தனை வருஷமும் வீட்டில் வைத்திருந்தான். கார்த்திகேசன், ஆண், 24. உள்ளே இருக்கிற எலும்பு கொளஞ்சியுடையது. ஒரு மனுஷனின் எலும்புக்குக்கூட அடுத்தவன் பெயரை எழுதினார்கள் என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது? விரல் கோணலாகவே சேர்ந்தது. ஆறு வாரம் கழித்துத் துணி சுற்றிக்கொண்டு மறுபடி வந்து நின்றான்.

தலைவர் ஏன் இத்தனை வருஷம் அந்த அட்டையை விடாமல் பிடித்திருந்தார் என்பது 2010-இல்தான் எனக்கு முழுசாக விளங்கியது. கார்த்திகேசனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. மாவட்ட லீக்கில் ஐந்து வருஷம் தொடர்ந்து ஆடிய சான்றிதழ், சிறந்த கோல்கீப்பர் கோப்பை, பேப்பர் செய்திகள், எல்லாம் கோப்பாகப் போயிருந்தன. சான்றிதழில் செயலாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், போட்டுக் கொடுத்தேன். வேலை கிடைத்ததற்குத் திருவந்திபுரத்தில் குடும்பத்தோடு போய் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பந்து பிடித்தது ஒருத்தன், மொட்டை போட்டது ஒருத்தன். தேவநாதப் பெருமாள் சிரித்திருப்பார்.

மொட்டைத் தலையோடு கார்த்திகேசன் மைதானத்துக்கு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். கொளஞ்சிக்கு மட்டும் இரண்டு. “உன்னாலதான் மச்சான்” என்று தோளில் தட்டினான். அதை ஏதோ உபகாரம் பண்ணுகிற மாதிரி சொன்னான். அரசு வேலையை வாங்கிக்கொண்டு இரண்டு லட்டு!

கார்த்திகேசன் போனதும் அந்த அட்டையும் முடிந்தது. இனியாவது சொந்தப் பெயரில் ஆடலாம் என்று கொளஞ்சி இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். தலைவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இருவத்தெட்டு வயசுல புதுசா யாரைச் சேக்கிறது? அனுபவமும் இல்லன்னு கமிட்டில சொல்லுவான்” என்றார். எழுபத்தோரு ஆட்டம் ஆடியவனைப் பார்த்து அனுபவம் இல்லை என்றார். அன்பரசுவைப் பதிவு செய்தார்கள். அன்பரசுமேல் தப்பில்லை. நல்லபடி ஆடுகிறான், தன் பெயரில் ஆடுகிறான்.

கொளஞ்சி பட்டறைக்கே போய்விட்டான். ஒன்றரை வருஷம் கழித்து, 2011 டிசம்பரில், ஒரு பேப்பர் விளம்பரத்தோடு என் வீட்டுக்கு வந்தான். ஒரு அரசு நிறுவனத்தில் வெல்டர் வேலை. ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டும், அது அவனிடம் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு முன்னுரிமை. முப்பது வயசுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு அடுத்த ஜூனில் முப்பது முடிகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி இருபத்தொன்பது.

“மாமா, மூணு வருஷம் ஆடுனேன்னு ஒரு சர்ட்டிபிகேட் போதும். நான்தான் நின்னேன்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்தா போதும்.”

“நான் எப்படிப்பா குடுக்கறது? பதிவேட்டுல உன் பேரே இல்லையே” என்றேன். “குடுத்தா கிளப்பு மேல நடவடிக்கை வரும். கார்த்திக்கு வேலை போயிடும். நான் சர்க்கார் உத்தியோகஸ்தன், என்னையும் கேப்பாங்க.”

அவன் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பொங்கல் கழிந்து வெள்ளிவிழா. மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்கு இரும்புச் சட்டம் கொளஞ்சி பட்டறையிலிருந்து வந்தது, பற்றவைத்ததும் அவன்தான். மூன்று கோல்கீப்பர்களுக்கும் கேடயம். தேவசகாயம் வரவில்லை. கார்த்திகேசன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். சிறப்பு விருந்தினர் மலரைப் புரட்டி அந்தப் படத்தைக் காட்டி, “தம்பி, இந்தப் பெனால்டியப் பத்திச் சொல்லுங்க” என்று மைக்கைக் கொடுத்தார். கார்த்திகேசன் கொஞ்சமும் தயங்கவில்லை. “பந்து லெஃப்ட் சைடு வரும்னு என் உள்மனசு சொல்லுச்சு சார். பாய்ஞ்சேன்.”

மண்டபம் முழுக்கக் கைதட்டல். கையில் மலர் இருக்கிறது, படத்தில் வலது பக்கம் பாய்கிறான், ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. திருடின பொருளை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா அந்தப் பயல்? கொளஞ்சி உட்கார்ந்திருந்த ஒன்பதாவது வரிசையைப் பார்த்தேன், அவன் இல்லை. வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோணல் விரலால் காற்றில் காட்டினான்.

“மாமா, அது வலது பக்கம்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்றைக்கே செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் தூக்கமில்லை. தலைவரை, கார்த்திகேசனை, சிதம்பரத்துச் செயலாளரை, கண்ணை மூடிக்கொண்ட நடுவர்களை, லீக் கமிட்டியை, ஒருத்தர் பாக்கியில்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். கொளஞ்சியோடு சேர்ந்து திட்டினால் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

அவர்கள் எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. எங்கள் மாவட்டத்தில் போலீஸிலும் கோர்ட்டிலும் தீராத வழக்கை அங்கேதான் கொண்டுபோவோம். குறையை மனுவாக எழுதி சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். மூன்று மாசத்துக்குள் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்ததும் போய், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொளஞ்சியின் அம்மா பிள்ளை வேண்டிப் பிராது கட்டிப் பிறந்தவன்தான் இவன். அதனால்தான் அந்தப் பெயர்.

“நீங்களும் வாங்க மாமா. உங்க கையெழுத்து நல்லாருக்கும். நீங்களே எழுதிக் குடுங்க” என்றான்.

எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? வடலூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதே மனசுக்குள் வாசகங்களை அடுக்கினேன். ‘மேற்படி தலைவர் என்பவர் தன் அக்கா மகனுக்கு ஆதாயம் தேடும் கெட்ட எண்ணத்தில்...’ என்று நாலு பக்கத்துக்கு ஓடியது. சாமிக்கே கோபம் வருகிற மாதிரி எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன்.

கோயிலில் தாள் வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, தொடையில் மலரை வைத்து அதன்மேல் தாளை வைத்தேன். முதல் வரி எழுதினேன். ‘குறிஞ்சிப்பாடியில் வசிக்கும், கெடிலம் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர் கொளஞ்சியப்பன் ஆகிய நான் கொடுக்கும் பிராது.’ எழுதி முடித்துவிட்டுத்தான் கவனித்தேன். கிழித்துப் போட்ட அந்த முதல் தாளுக்கு அப்புறம், கோல்கீப்பர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவன் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல்முறை. ஆறரை வருஷம் ஆகியிருந்தது.

“சொல்லுப்பா. யார் மேல பிராது? தலைவர் பேரை முதல்ல போடவா, கார்த்தி பேரைப் போடவா?”

கொளஞ்சி தமிழ்ச்செல்வியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

“உங்க பேரு எழுதுங்க மாமா” என்றான்.

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை.

“தலைவரு வாயால சொன்னாரு, அவ்ளோதான். கார்த்தி குடுத்ததை வாங்கிக்கினான். எழுதுனது நீங்கதான மாமா? ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ரெண்டு காப்பி. எம் பேரு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதல. அப்புறம் பதிவேட்டுல எம் பேரு இல்லன்னு நீங்களே சொன்னீங்க.”

மாமா என்றுதான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை மரியாதை குறைத்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

“வெலாசம் செம்மண்டலம்னு போடுங்க சித்தப்பா” என்றாள் தமிழ்ச்செல்வி. “சாமி தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.”

எழுபத்தோரு ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு காப்பி, நூற்று நாற்பத்திரண்டு தாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு சான்றிதழ். அத்தனையும் இந்தக் கை. அடித்தல் இல்லாமல், திருத்தல் இல்லாமல், அச்சு மாதிரி. ஊரில் இருக்கிற எல்லாரையும் வைய எனக்கு வாய் இருந்தது. ‘ஒன்றாம் எண், கொளஞ்சியப்பன்’ என்று எழுத மட்டும் கை இல்லை. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எழுதினேன். ‘எதிரி: ராமாமிர்தம், செம்மண்டலம், கடலூர்.’ வேண்டுதல் என்ன என்று கேட்டேன். “நான் ஆடுனதை எம் பேர்ல எழுதிக் குடுக்கணும்” என்றான். அதையும் எழுதினேன். கீழே கொளஞ்சி கையெழுத்துப் போட்டான். கோணல் விரலைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, முழுப்பெயரையும் போட்டான். குருக்கள் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். நான் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாமிக்கு மூன்று மாசம் தவணை உண்டு. கொளஞ்சிக்குப் பிப்ரவரி இருபத்தொன்பதுதான். இன்றைக்குத் தேதி பதிமூன்று. இவ்வளவு நேரமும் நீங்கள் படித்ததை நான் மூன்று காப்பி எழுதியிருக்கிறேன். ஒன்று லீக் கமிட்டிக்கு, ஒன்று அந்த நிறுவனத்துக்கு, ஒன்று கொளஞ்சிக்கு. கொளஞ்சியிடம் வாங்கிய எக்ஸ்ரேயைக் கமிட்டிக் காப்பியோடு இணைத்திருக்கிறேன். எலும்பு யாருடையது என்று இரண்டு பேர் கையையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கார்த்திகேசனுக்கு வேலை போகலாம், எனக்கும் போகலாம். கொளஞ்சிக்கு வேலை கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

கெடிலம் கால்பந்துக் கழகம், 2005 முதல் 2010 வரை, எழுபத்தோரு ஆட்டங்கள். ஒன்றாம் எண், கோல்கீப்பர், கொளஞ்சியப்பன். மனுதாரர் சொல்வது அத்தனையும் உண்மை.

இப்படிக்கு,
எதிரி,
ராமாமிர்தம்.